ராம் கலந்து போடுமுன் கவனிக்க வேண்டிய தவறுகள்

மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ பழைய மேசைக்கணினி வைத்திருப்பவர்கள் ராமை, அதாவது கணினி இயங்கும்போது தரவுகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்தை, சோடியாகப் புதிதாய் வாங்குவது அரிது. கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போன இடத்தில் பாவித்த ராம் ஒன்றை வாங்கி, ஏற்கெனவே இருப்பதோடு சேர்த்துப் போடுவதே வழக்கம். அதில் குற்றமில்லை. வெவ்வேறு நிறுவனங்களின் ராம்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். பார்க்காமல் வாங்குவதுதான் பிழை. மாற்றுவதற்கு மறுபடியும் பஸ் ஏற வேண்டும்.

முதலில் ராமின் தலைமுறையைப் பாருங்கள்; லேபலில் டிடிஆர் என்பதோடு வரும் எண் அதைக் காட்டும். டிடிஆர்3 ராமில் 240 முனைகள், டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288. எண்ணிக்கை ஒன்றானாலும் முனைகளுக்கு இடையே உள்ள வெட்டு இருக்கும் இடம் வேறு, மின்னழுத்தமும் வேறு. உள்ளே போகவில்லையென்றால் அழுத்தாதீர்கள். ராமைச் செருகும் ஸ்லொட் உடைந்தால் நட்டம் ராமோடு நிற்காது.

வெட்டு பொருந்தினாலே போதும் என்று நம்புவது அடுத்த தவறு. சேர்வர்களில் இருந்து கழற்றிய டிடிஆர்3, டிடிஆர்4 'ரெஜிஸ்டர்ட்' ராம் ஸ்லொட்டில் அழகாக உட்காரும். சாதாரண மேசைக்கணினியில் இயங்காது. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று விற்கும் மலிவான டிடிஆர்3 ராமும் இன்டெல் கணினிகளில் வேலை செய்யாது. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் லேபலை ஒரு முறைக்கு இரு முறை வாசியுங்கள்.

வேகம் 3200 என்று போட்ட ராமோடு 2400 ராமைப் போட்டால் இரண்டும் 2400இல் ஓடும். கெடுதல் இல்லை. ஆனால் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பி என்ற வேகம் கூட்டும் அமைப்பைப் போட்டு வேகத்தை வலிந்து கூட்டாதீர்கள். ஒரு ராமுக்காக எழுதிய அமைப்பை மற்றது தாங்காமல் போகலாம். நான்கு ஸ்லொட் உள்ள மதர்போட்டில் இரண்டு ராம்களை அருகருகே போடுவதும் அடிக்கடி காணும் பிழை. பெரும்பாலான மதர்போட்டுகளில் புரொசஸரில் இருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதுமே சரியான இடங்கள். 8 ஜிபியோடு 4 ஜிபி சேர்ப்பது பற்றிக் கவலை வேண்டாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. விண்டோஸ் திறந்துவிட்டது, ஆகவே எல்லாம் சரி என்று மூடியைப் பூட்டிவிடுகிறார்கள். ஒத்துவராத ராம் எப்போதும் நீலத்திரை காட்டி எச்சரிக்காது. நகலெடுக்கும் ஒவ்வொரு கோப்பும் ராம் வழியாகவே போகிறது. அங்கே ஒரு பிட் மாறினால் கெட்ட பிரதிதான் டிஸ்க்கில் பதியும், அதுவும் ஓசையில்லாமல். 2009இல் போரால் இடம்பெயர்ந்தபோது அல்பங்களை இழந்த குடும்பங்கள், உறவினரிடம் மிஞ்சிய படங்களை ஸ்கான் செய்து இத்தகைய கணினிகளில் வைத்திருக்கின்றன. அந்தப் படங்களை மறுபடி எங்கே தேடுவது?

ஆகவே, புதிய ராமைப் போட்டதும் ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86ஐ யூஎஸ்பியில் ஏற்றி, இரவில் ஓடவிடுங்கள். நான்கு சுற்றிலும் பிழை பூச்சியமாக இருக்க வேண்டும். 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. பிழை வந்தால் மின்வயரைக் கழற்றி, உடலில் உள்ள நிலைமின் போக உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டு, ராமின் முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடையுங்கள். கோடைப் புழுதி படிந்ததாலும் பிழை வரலாம். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதியுங்கள். தனியே நன்றாக ஓடி, சேர்ந்தால் மட்டும் பிழை காட்டினால் பயோஸில் வேகத்தை ஒரு படி குறைத்துப் பார்க்கலாம். அதற்கும் சரிவராவிட்டால் கடைக்குத் திருப்பிக் கொடுப்பதே வழி. வாங்கும்போதே பழைய ராமைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.