கழுவும் முன் சக்கரத்தைப் பாருங்கள்: பிரேக் தூசி, துரு, நாம் செய்யும் தவறுகள்

சென்ற மழைக்காலத்தில் என் காரின் முன்பக்க இடது சக்கரம் மட்டும் கன்னங்கரேலென்று ஆகிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தேய்த்துக் கழுவுவேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் மறுபடி கறுப்பு. மூன்றாவது வாரம் மும்பையின் சயான் சிக்னலில் நிற்கும்போது கருகல் வாடை வந்தது. செம்பூரில் எங்கள் பகுதி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சக்கரத்தைக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் பாகமான கேலிப்பர் நகர்வதற்கு இருக்கும் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் (உரசி நிறுத்தும் கட்டை), சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் திருநெல்வேலிக்காரர். "கழுவுறதுக்கு முன்னால பாக்கணும்லா அண்ணாச்சி. வீலே எல்லாத்தையும் சொல்லிரும்" என்றார்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் தவறு இதுதான்: பார்க்காமல் கழுவுவது.

எதைப் பார்ப்பது? நம் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக் (மூடிய உருளைக்குள் உரசி நிறுத்துவது). பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் 60 முதல் 70 சதவீதத்தை முன் சக்கரங்களே செய்கின்றன. பின்னால் வரும் தூசி டிரம்முக்குள்ளேயே அடைந்துவிடும். ஆகவே முன் இரண்டும் கறுப்பாகவும் பின் இரண்டும் வெளுப்பாகவும் இருந்தால் கவலையில்லை. இடதும் வலதும் ஒரே அளவில் கறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் கூடுதலாகக் கறுத்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஒன்று மட்டும் சுத்தமாகவே இருந்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காமலே இருக்கலாம். இது முன்னதைவிட ஆபத்து. உட்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரக் கறை தெரிந்தால் பிரேக் ஆயிலோ கிரீஸோ கசிகிறது என்று பொருள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டால் இந்தச் சாட்சியமெல்லாம் போய்விடும்.

இந்தத் தூசி சாலைத் தூசி அல்ல. டிஸ்க் வார்ப்பிரும்பு. பேடில் எஃகு இழை, கிராஃபைட், பிசின் எல்லாம் கலந்திருக்கும். இரண்டும் உரசும்போது தேய்ந்து பறப்பதில் பெரும்பங்கு இரும்புத்துகள். அது சூடாகவே போய் வீலின் பெயின்ட் மேல் ஒட்டுகிறது. ஈரம் பட்டதும் அங்கேயே துருவாக மாறுகிறது. செம்பூரிலிருந்து அந்தேரி போய் வருவதற்குள் எத்தனை முறை பிரேக்கில் கால் வைக்கிறோம்! அதோடு கடற்காற்றின் உப்பும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரமும் சேர்ந்தால், இரண்டே வாரத்தில் வெள்ளி நிற வீலில் பழுப்புப் புள்ளிகள் தெரியும்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு "அலாய் வீல் துருப்பிடித்துவிட்டது" என்று பலரும் பதறுகிறார்கள். அலாய் வீல் என்பது அலுமினியக் கலவை. அலுமினியத்துக்குச் செந்துரு வராது. மேலே தெரிவது வந்து ஒட்டிய இரும்புத்துகளின் துரு; அது போகக்கூடியது. அலுமினியம் உண்மையிலேயே அரித்தால் வெள்ளையாகப் பொடி பூக்கும், அல்லது கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போலக் கோடு கோடாக ஓடும். பெரும்பாலும் நடைபாதைக் கல்லில் உரசிய இடத்தில்தான் இது தொடங்கும். அதை எந்தத் திரவத்தாலும் கழுவ முடியாது. சுரண்டி எடுத்து மறுபடி பூச வேண்டும். வீல் கேப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்டீல் ரிம்மில் வருவதுதான் நிஜத் துரு.

இந்த வித்தியாசம் தெரியாததால்தான் எல்லாவற்றுக்கும் ஆசிட்டைத் தேடுகிறோம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் என் பழைய காரின் நான்கு அலாய் வீலும் இதில்தான் போயின. சாலையோரம் வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில், நான் டீ குடித்து வருவதற்குள், லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து எதையோ தெளித்திருந்தார்கள். அன்றைக்குக் கண்ணாடிபோல மின்னியது. இரண்டு மாதத்தில் கிளியர் கோட் மங்கி, பால் படிந்ததுபோல ஆகிவிட்டது. கழிவறை கழுவும் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவைக் கரைக்கும். கூடவே பூச்சையும் அலுமினியத்தையும் அரிக்கும், பக்கத்திலிருக்கும் டிஸ்க், நட் எல்லாவற்றிலும் புதுத் துருவைக் கிளப்பிவிடும். காஸ்டிக் சோடா கலந்த அடுப்புக் கிளீனரும் அலுமினியத்துக்கு எமன்தான்.

வீலைவிட மனிதர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சில மலிவான வீல் ஆசிட்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அமோனியம் பைஃப்ளூரைடோ இருக்கும். அது தோலில் பட்ட உடனே எரிச்சல் தெரியாமலும் போகலாம். ஆனால் சதைக்குள் இறங்கி, எலும்புவரை போய், உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சில மணி நேரம் கழித்தே வலி தொடங்கும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய், பட்டது என்ன என்று பெயரைச் சொல்ல வேண்டும். லேபிள் இல்லாத எதையும் உங்கள் வண்டியில் தெளிக்க விடாதீர்கள். அதைத் தெளிப்பவரின் கை வெறுங்கை.

பிறகு எதைத்தான் பயன்படுத்துவது? வாராவாரம் என்றால் கார் ஷாம்பூ, மென்மையான பிரஷ், நிறையத் தண்ணீர் போதும். ஒட்டிப்போன துகளுக்கு அமிலம் கலக்காத அயர்ன் ரிமூவர் இருக்கிறது. அதிலுள்ள தயோகிளைகோலேட் என்ற உப்பு இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக வழியும். அழுகின முட்டை வாடை அடிக்கும்; பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். நிழலில், வீல் ஆறிய பிறகு தெளித்து, சில நிமிடம் விட்டு, காய்வதற்குள் அலச வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேறு ஆசிட்டோடோ பிளீச்சோடோ சேர்க்காதீர்கள். ஓடி வந்த சூட்டோடு தெளித்தால் மருந்து அங்கேயே காய்ந்து, அதுவே நிரந்தரக் கறையாகிவிடும்.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் அலாய் வீலைத் தேய்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கீறல் ஒரு பக்கம். நாரிலிருந்து உதிரும் இரும்பு இழை கீறலுக்குள் தங்கி, அடுத்த மழையில் அதுவும் துருப்பிடிக்கும்.

இன்னொரு தவறு உயிரோடு விளையாடுவது. இரவு மழை பெய்தால் காலையில் டிஸ்க் முழுக்க ஆரஞ்சு நிறமாக இருக்கும். வார்ப்பிரும்பு ஈரத்தில் அப்படித்தான் ஆகும். கேட்டைத் தாண்டி நான்கைந்து முறை பிரேக் போட்டால் தானாகத் தேய்ந்துவிடும். அதற்குப் போய் துரு நீக்கும் ஸ்பிரேயையோ தேங்காயெண்ணெயையோ டிஸ்க்கில் அடிக்கிறார்கள். பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் அது பேடே இல்லை. பெடலை மிதித்தாலும் வண்டி நிற்காது. டயர் பாலிஷ் தெளிக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. துணியில் எடுத்துப் பூசுங்கள். வாரக்கணக்கில் ஓட்டாமல் நின்ற வண்டியில் மட்டும், துரு குழி விழுந்து பெடல் அதிர்ந்தால், மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

கழுவிய கையோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு ஊருக்குப் போவதும் வேண்டாம். ஈரமான டிரம்மில், அதை உள்ளிருந்து உரசும் லைனிங் பட்டை ஒட்டிக்கொள்ளும். திரும்பி வந்தால் பின் சக்கரம் சுழலாது. கழுவியதும் ஒரு சுற்று ஓட்டி, மெதுவாகப் பிரேக் போட்டுக் காயவிடுங்கள். நெடுநாள் நிறுத்துவதென்றால் சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும்.

மும்பைக்காரர்கள் 26 ஜூலை 2005ஐ மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அந்த அளவு வேண்டாம், முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றாலே டிரம்முக்குள் சேறு புகும். கடல் ஏற்ற நேரமென்றால் வடிய வேண்டிய தண்ணீரில் உப்பும் கலந்திருக்கும். வெளியே பளபளப்பாகக் கழுவிவிட்டு நிம்மதியாக இருப்பது பெரிய தவறு. டிரம்மைத் திறந்து சுத்தம் செய்து, ஸ்லைடு பின்னுக்குப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். அப்போது ஏர் பைப்பால் ஊத விடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. ஈரத் துணியோ பிரேக் கிளீனரோ போதும்.

கண்ணில் படாத துருவும் உண்டு. ரிம்மும் அது மாட்டப்படும் நடுப்பாகமான ஹப்பும் சேரும் இடத்தில் துரு படிந்தால் சக்கரம் சரியாக உட்காராது. நட் இறுக்கியதுபோல இருந்து, ஓடிய பிறகு தளரும். டயர் மாற்றும்போது அந்த முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லுங்கள். கிரீஸ் பூசுவதென்றால் மிக மெல்லியதாக ஹப் முகத்தில் மட்டும்; போல்ட் மரையில் வேண்டாம். பஞ்சர் இல்லாமலே வாரம் ஒருமுறை காற்று குறைந்தால், டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் ரிம் அரித்திருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டீல் ரிம்முக்குச் சில்வர் ஸ்பிரே அடிக்கும்போது, துருவை உப்புத்தாள் போட்டு எடுத்து, பிரைமர் பூசிய பிறகே அடிக்க வேண்டும். நட் உட்காரும் இடத்தில் பெயின்ட் கூடாது.

கடைசியாக எங்கள் சொசைட்டியில் கார் துடைக்கும் பையனைப் பற்றி. ஒரே வாளி, ஒரே துணி, விடிவதற்குள் இருபது வண்டி. சக்கரத்தைத் துடைத்த துணியிலிருக்கும் இரும்புத்தூள் அடுத்த வண்டியின் பானெட்டைக் கீறுகிறது. குறை அவன்மேல் இல்லை. நாங்கள் கொடுத்தது அவ்வளவுதான். இப்போது வீலுக்கென்று தனியாக ஒரு சிவப்பு வாளி, இரண்டு துணி, ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். துடைப்பதற்கு முன் நான்கு சக்கரத்தையும் பார்த்து, ஒன்று மட்டும் கறுத்திருந்தால் சொல்லச் சொன்னேன். போன மாதம் மூன்றாவது மாடி மாமியின் காரில் அவன்தான் கண்டுபிடித்தான். பேட் தேய்ந்து வெறும் தகடு டிஸ்க்கை உரசிக்கொண்டிருந்தது.