பக் ரிப்போர்ட்டுக்கு ஸ்கிரீன்ஷாட்: எதைக் காட்டுவது, எதை மறைப்பது

பக் ரிப்போர்ட்டில், அதாவது சாஃப்ட்வேரில் கண்ட பிழையை அதை உருவாக்கும் டெவலப்பருக்குத் தெரிவிக்கும் குறிப்பில், முழுத்திரைப் படத்தை அப்படியே இணைத்து, "டோட்டல் தப்பா வருது, பாருங்க" என்று ஒரு வரி மட்டும் எழுதினால், டெவலப்பரிடமிருந்து பெரும்பாலும் வரும் பதில்: "எங்க தப்பு? எனக்குச் சரியாத்தானே வருது?" அந்தக் கேள்விக்கே இடமில்லாதபடி படத்தைத் தயார் செய்யலாம். சாஃப்ட்வேர் சோதனை வேலையில் நான் தினமும் பின்பற்றும் வழி இது.

படி 1: படம் எடுப்பது

விண்டோஸில் விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ். மேக்கில் கமாண்ட் + ஷிஃப்ட் + 4. மேக்கில் அதை அழுத்தியதும் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒரு விண்டோவை மட்டும் எடுக்கலாம்.

சிக்கல் வருவது, தொட்டால் மறையும் சமாச்சாரங்களில்தான். டிராப்டவுன் மெனு திறந்திருக்கும்போது பிழை தெரியும். படம் எடுக்கப் போனால் மெனு மூடிக்கொள்ளும். இதற்கு டைமர்தான் வழி. விண்டோஸின் ஸ்னிப்பிங் டூலில் 3, 5, 10 விநாடித் தாமதம் வைக்கலாம். மேக்கில் கமாண்ட் + ஷிஃப்ட் + 5 அழுத்தினால், ஆப்ஷன்ஸில் 5, 10 விநாடி இருக்கும். தாமதத்தை வைத்துவிட்டு மெனுவைத் திறந்து, மவுஸை அசைக்காமல் காத்திருங்கள்.

வெப்சைட்டில் வேறு இடத்தைக் கிளிக் செய்ததும் மூடும் மெனு என்றால், குரோம் டெவ்டூல்ஸில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டெவலப்பர் கருவிகள்) ரெண்டரிங் பகுதிக்குப் போய் 'எமுலேட் எ ஃபோகஸ்டு பேஜ்' என்பதை டிக் செய்யுங்கள். நீங்கள் டெவ்டூல்ஸுக்குள் கிளிக் செய்தாலும், கவனம் தன்மேல்தான் இருக்கிறது என்று பக்கம் நினைத்துக்கொள்ளும். இப்படி மூடும் மெனுக்களில் பெரும்பாலானவை அப்போது திறந்தபடியே நிற்கும்.

படி 2: வெட்டுவது

ஒரு பில்லிங் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். விலை 1000, தள்ளுபடி 10%, மொத்தம் 990 என்று காட்டுகிறது. 990 இருக்கும் மூலையை மட்டும் வெட்டி அனுப்பினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. மூன்று எண்களும் ஒரே படத்தில் இருந்தால், 10 சதவீதத்தைக் கழிக்காமல் 10 என்ற எண்ணையே கழித்திருக்கிறது என்பது டெவலப்பருக்குப் பார்த்ததுமே பிடிபடும். விளைவு மட்டும் போதாது, அதை உண்டாக்கிய உள்ளீடும் படத்தில் இருக்க வேண்டும். முகவரிப் பட்டையையும் வெட்டாதீர்கள். எந்தப் பக்கம், சோதனை சர்வரா அசல் சர்வரா என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

படி 3: குறிப்பது

விலைக்கு 1, தள்ளுபடிக்கு 2, மொத்தத்துக்கு 3 என்று எண் போடுங்கள். மூன்றாவதைச் சுற்றி ஒரு கட்டம். பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தில் "வரவேண்டியது 900, வந்தது 990". இவ்வளவு போதும். அம்பு போட்டால் அதன் முனை எண்ணின்மேல் ஏறி அதை மறைக்கக் கூடாது. இரண்டு பிழைகள் கண்ணில் பட்டால் இரண்டு படம், இரண்டு ரிப்போர்ட்.

"சிவப்பு தப்பு, பச்சை சரி" என்று நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். எண் போட்டால் அந்தக் கவலை இல்லை.

கருவி? விண்டோஸில் என் ஓட்டு கிரீன்ஷாட்டுக்கு. எண் போடும் வசதி இருக்கிறது. போட்ட அம்பைப் பிறகு நகர்த்தவும் முடியும். ஷேர்எக்ஸ் இன்னும் நிறைய செய்யும், ஆனால் புதியவர்கள் அதன் செட்டிங்ஸில் தொலைந்துபோவார்கள். லினக்ஸில் ஃபிளேம்ஷாட். மேக்கில் கூடவே வரும் பிரிவியூ போதும். பெயின்ட் வேண்டாம்: அம்பை இடம் மாற்றிப் போடுவது பெரும்பாடு.

படி 4: மறைப்பது

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் எல்லாம் ரிப்போர்ட்டில் ஒருமுறை ஏறிவிட்டால், எத்தனை பேர் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது.

மங்கலாக்குவதும் கட்டம் கட்டமாகச் சிதைப்பதும் பாதுகாப்பு அல்ல. சிதைத்த எழுத்துகளை மீட்கும் அன்ரெடாக்டர் என்ற கருவியை 2022இல் பிஷப் ஃபாக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. போனில் ஹைலைட்டரைக் கருப்பாக்கித் தீட்டுவதும் அப்படித்தான். அது பாதி ஊடுருவும் மை, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ளது தெரிந்துவிடும். உள்ளே முழுக்க நிறம் நிரப்பிய கட்டத்தைப் போட்டு, பி.என்.ஜி ஆகச் சேமியுங்கள். வேர்டில் படத்தை ஒட்டி மேலே கட்டம் வைத்து அந்த ஃபைலை அனுப்பினால், கட்டத்தை யாரும் நகர்த்திப் பார்த்துவிடலாம்.

வெட்டியதையும் நம்பிவிட முடியாது. கூகுள் பிக்சல் போன்களின் மார்க்கப் கருவியில் வெட்டி எறிந்த பகுதி ஃபைலிலேயே தங்கியிருந்தது 2023 மார்ச்சில் தெரியவந்தது. விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும் அதே கோளாறு இருந்தது. இரண்டும் சரிசெய்யப்பட்டுவிட்டன, ஆனால் அப்டேட் ஆகாத சாதனத்தில் வெட்டிய பழைய படங்களை எடுத்து அனுப்பாதீர்கள்.

முடிந்தால் போலித் தகவல்களை வைத்துப் பிழையை மறுபடி வரவழைத்துப் படமெடுங்கள், மறைக்கும் வேலையே இருக்காது. பிழை எண், நேரம் இரண்டையும் மட்டும் மறைக்காதீர்கள். சர்வர் லாகில் (நடந்ததையெல்லாம் சர்வர் எழுதிவைக்கும் பதிவு) தேடுவது அவற்றை வைத்துத்தான்.

படி 5: அனுப்புவது

குறியிட்ட படத்தோடு குறியிடாத படத்தையும் (மறைக்க வேண்டியதை மறைத்து) இணையுங்கள். பிழைச் செய்தியை டெக்ஸ்ட்டாகவும் தட்டச்சு செய்யுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து, ரிப்போர்ட்டுகளைப் பதிவு செய்யும் ஜிராவிலோ கிட்ஹப்பிலோ தேடினால் சிக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், சின்ன எழுத்துகள் கரைந்துபோகும்.

பின்சேர்க்கை: டார்க் மோடு பயன்படுத்தும் ஒருவர், கருப்புக் கட்டம் போட்டால் அங்கே ஏதோ மறைத்திருப்பதே தெரியவில்லை, டெவலப்பர் அதைக் காலி ஃபீல்டு என்று நினைத்துவிட்டார் என்று எழுதியிருந்தார். நியாயமான சிக்கல். கட்டத்தைச் சாம்பல் நிறத்தில் போட்டு, அதன்மேல் "மறைக்கப்பட்டது" என்று எழுதிவிடுங்கள். சிவப்பில் வரும் பிழைச் செய்திக்குச் சிவப்பு அம்பு போட்டாலும் இதே குழப்பம்தான், அங்கே நீலம் எடுப்பாகத் தெரியும்.