வெளிநாட்டில் வாடகைக் கார்: கவுண்டரில் கூடுதல் இன்ஷூரன்ஸ் வாங்கச் சொல்லி நெருக்கினால்?

மீட்டருக்கு மேல் பாதி கேட்கும் பெங்களூர் ஆட்டோக்காரர்களிடம் பதினோரு வருடமாகப் பேரம் பேசிப் பழகியவன் நான். ஆனால் சிங்கப்பூர் வழியாகக் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி, தூங்காத கண்ணோடு வாடகைக் கார் கவுண்டரில் நின்றபோது ஐந்தே நிமிடத்தில் விழுந்துவிட்டேன். "இதை எடுக்காவிட்டால், சின்னக் கீறல் விழுந்தாலும் 4000 டாலர் வரைக்கும் உங்கள் பொறுப்பு" என்றார் அந்தப் பெண் சிரித்த முகத்தோடு. பின்னால் மாமியார் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார், மகள் சிணுங்கிக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டேன். நாளுக்கு 38 நியூசிலாந்து டாலர், பத்து நாள். ஊர் திரும்பிப் பழைய மின்னஞ்சலைப் பார்த்தால், புக்கிங் செய்தபோதே அதே மாதிரி இன்ஷூரன்ஸ் கவர் ஒன்றை வாங்கித் தொலைத்திருக்கிறேன்.

இப்போது அல்சூரில் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் யார் வெளிநாடு போய்க் கார் எடுத்தாலும் முதலில் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதிவிடுகிறேன்.

படி 1: எக்ஸெஸ் என்றால் என்னவென்று புரிந்துகொள்ளுங்கள்

இது ஒன்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. நம் ஊரில் காருக்கு கிளெய்ம் போடும்போது சர்வீஸ் சென்டரில் "ஃபைல் சார்ஜ்" என்று ஒரு தொகை வாங்குவார்கள். 1500 சிசி வரையுள்ள காருக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய். சேதத்தில் நம் பங்கு அது. எக்ஸெஸ் என்பதும் அதேதான். வெளிநாட்டு வாடகைக் காரில் அந்தப் பங்கு ஆயிரம், இரண்டாயிரம் ஈரோ என்று எகிறி நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐரோப்பாவில் எதிராளிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு சட்டப்படி கட்டாயம். அது இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கவே முடியாது. காரின் சேதத்துக்கான சிடிடபிள்யூ (Collision Damage Waiver) என்ற கவரும் பெரும்பாலும் வாடகையிலேயே சேர்ந்து வரும். ஆக, கவுண்டரில் விற்பது உங்கள் பங்கைக் குறைக்கும் சமாச்சாரம் மட்டும்தான். "உங்களுக்கு முழு கவர் இல்லை" என்று அவர்கள் சொன்னால், களைத்துப்போன நம் காதில் "இன்ஷூரன்ஸே இல்லை" என்று விழுகிறது.

அமெரிக்கா வேறு கதை. அங்கே சில அடிப்படை வாடகையில் சிடிடபிள்யூவும் இருக்காது, எதிராளிக்கான கவரும் போதாது. அங்கே புக்கிங்கில் என்ன சேர்ந்திருக்கிறது என்று வரிவரியாகப் படிக்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

படி 2: புக்கிங் வவுச்சரில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்

எக்ஸெஸ் எவ்வளவு, கார்டில் எவ்வளவு டெபாசிட் பிடிப்பார்கள், எதற்கெல்லாம் கவர் கிடையாது. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை ஆகியவை பல நிறுவனங்களில் விட்டுப்போயிருக்கும். மூன்றையும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். போனில் வைத்தால் அந்த நேரம் பார்த்து சார்ஜ் தீரும்.

படி 3: முடிவை வீட்டிலேயே எடுங்கள்

ஒரு கணக்கு. கவுண்டரில் விற்கும் கவர் நாளுக்கு 20 ஈரோ, பத்து நாளைக்கு 200. எக்ஸெஸ் 1500 என்றால், ஏழெட்டுப் பயணத்துக்கு ஒருமுறை முழு எக்ஸெஸும் போகிற அளவுக்கு இடித்தால்தான் அந்த 200 நியாயம். நான் அவ்வளவு மோசமான டிரைவர் இல்லை என்று நினைக்கிறேன் (மனைவிக்கு வேறு கருத்து உண்டு).

அதற்காக எல்லோரும் மறுக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். முதல்முறையாக வலப்பக்கம் ஓட்டப் போகிறீர்களா, 1500 ஈரோ போனால் குடும்ப பட்ஜெட் ஆடிவிடுமா, அப்படியென்றால் வாங்குங்கள். ஆனால் கவுண்டரில் வாங்காமல் புக்கிங்கின்போதே வாங்கினால் பெரும்பாலும் மலிவு. ஒரே சிக்கல்: புக்கிங் தளங்கள் விற்கும் கவரில், கார் நிறுவனம் முதலில் உங்கள் கார்டில் பணத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு ரசீது, சேத அறிக்கை எல்லாம் அனுப்பித்தான் அதைத் திரும்ப வாங்க வேண்டும். தனியாக எக்ஸெஸ் பாலிசி விற்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் பலவும் தங்கள் நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே தரும். பெங்களூர் முகவரி போட்டு வாங்கும் முன் அந்த நிபந்தனையைப் பாருங்கள்.

படி 4: கார்டு

நெருக்கடியில் உண்மையிலேயே மாட்டுவது இங்கேதான். கவர் வேண்டாம் என்று சொன்னால் பெரிய டெபாசிட் பிடிப்பார்கள். கார்டில் லிமிட் இல்லாவிட்டால் அவர்கள் கவரை வாங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டையும் ஃபாரெக்ஸ் கார்டையும் பல இடங்களில் டெபாசிட்டுக்கு ஏற்பதில்லை. 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். ஆப்பில் போய் அதைத் திறந்து, லிமிட்டையும் சரிபாருங்கள். அங்கே ஓடிபி கேட்காமலே பணம் எடுக்க முடியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆர்டிஓவில் 1000 ரூபாய் கட்டி, ஒரு வருடம் செல்லும் ஐடிபி (சர்வதேச ஓட்டுநர் அனுமதி) வாங்கிக்கொள்ளுங்கள். அது தேவைப்படும் நாட்டில் இல்லாமல் ஓட்டினால், எந்தக் கவர் வாங்கியிருந்தாலும் கிளெய்ம் தடுமாறும்.

படி 5: கவுண்டரில்

நமக்கு முகதாட்சண்யம் அதிகம். நேருக்கு நேர் "வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது, காரணம் சொல்ல ஆரம்பிப்போம். காரணம் சொன்னால் அதற்கு அவர்களிடம் பதில் இருக்கும். எனவே ஒரே வாக்கியம்: "வேண்டாம், டெபாசிட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்." மறுபடி கேட்டால் மறுபடி அதே.

"வெளியில் வாங்கிய கவர் இங்கே செல்லாது" என்பார்கள். அது பாதி உண்மை. அவர்கள் அதைக் கையாளமாட்டார்கள், நீங்கள்தான் பின்னால் கிளெய்ம் செய்யப்போகிறீர்கள். வாதாடாதீர்கள். "கட்டாயம்" என்று சொன்னால் மட்டும், ஒப்பந்தத்தில் அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

டேப்லெட்டில் கையெழுத்து கேட்டால் மொத்தத் தொகை வரைக்கும் கீழே தள்ளிப் பாருங்கள். வேண்டாம் என்ற பிறகும் கவர் சேர்ந்திருக்கலாம். இந்தத் தொழிலில் புகார்கள் குவிந்துதான் 2015இல் ஐரோப்பிய ஆணையமும் நுகர்வோர் அமைப்புகளும் தலையிட்டன. ஐந்து பெரிய நிறுவனங்கள் விலை, காப்பீடு பற்றி இன்னும் தெளிவாகச் சொல்ல ஒப்புக்கொண்டன. மெஷின் "ரூபாயிலா, ஈரோவிலா" என்று கேட்டால் ஈரோ என்று அழுத்துங்கள், ரூபாய்க்கு மாற்றுவதில் அவர்கள் ஒரு பங்கு வைப்பார்கள்.

விபத்துக் காயத்துக்கான தனி கவரையும் நீட்டுவார்கள். உங்கள் டிராவல் பாலிசியில் மருத்துவச் செலவு இருக்கிறதா என்று பாருங்கள். நியூசிலாந்தில் விபத்தில் காயப்பட்டால் வந்துபோகும் பயணிகளின் சிகிச்சைக்கும் ஏசிசி என்ற அரசுத் திட்டம் உதவும். ஐஸ்லாந்தில் சரளைக்கல், மணல், சாம்பல் என்று தனித்தனியாக விற்பதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அங்கே சரளைக் கவர் வாங்குவது புத்திசாலித்தனம்.

ஜீரோ எக்ஸெஸ் வாங்கினாலும் தவறான எரிபொருள், தொலைந்த சாவி, தடைசெய்த சாலை இவற்றுக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. நியூசிலாந்தில் குவீன்ஸ்டவுன் பக்கத்தில் இருக்கும் ஸ்கிப்பர்ஸ் சாலை அப்படி ஒன்று. கூகுள் மேப் வழி காட்டியதே என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

படி 6: வீடியோ

பார்க்கிங்கை விட்டு நகரும் முன் ஒரு சுற்று: ரிம், கண்ணாடி, பம்பரின் கீழ்ப்பக்கம், கூரை, கிலோமீட்டர், எரிபொருள் முள். பழைய கீறல் இருந்தால் அவர்கள் தாளிலேயே குறிக்கச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே சுற்று. டெபாசிட் விடுபட்ட பிறகும் சில மாதம் கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள், சேதக் கட்டணம் தாமதமாகவும் வரும். போன வருடம் லிஸ்பனில் எடுத்த காரின் நான்கு டயர்களும் என் போனில் இன்னும் இருக்கின்றன. அந்த ஊரில் எங்கள் குடும்பம் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.