மோவாப் பாலைவனத்துக்குப் போற நம்ம ஊர்க்காரங்களுக்கு: முதல்ல தண்ணி, அப்புறந்தான் மலை

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பிள்ளைங்க அமெரிக்காவுல இருக்கிற வீடு ஏராளம். பேரப்பிள்ளைய பாக்கப் போறவங்க யூட்டா மாநிலத்துல இருக்கிற மோவாப் ஊரையும் பிளான்ல சேத்துக்கிடுங்க. சால்ட் லேக் சிட்டியில இருந்து கார்ல கிட்டத்தட்ட 4 மணி நேரம். சின்ன ஊருதான், ஆனா ஆர்ச்சஸ், கேனியன்லேண்ட்ஸ்னு ரெண்டு நேஷனல் பார்க் பக்கத்துலயே இருக்கு, கொலராடோ ஆறும் ஊர ஒட்டியே ஓடுது.

வெயிலப் பத்திதான் முதல்ல சொல்லணும். நம்ம ஊருல மத்தியானம் வடசேரி சந்தைக்கு போயிட்டு வந்தாலே சட்டை முதுகுல ஒட்டிரும், உடம்புல தண்ணி குறையுதுன்னு அத வச்சே தெரிஞ்சிரும். அங்க காத்துல ஈரமே கிடையாது, வேர்வை வந்த உடனே காஞ்சிரும், வேர்க்கவே இல்லையேன்னு நினைச்சுட்டே நடப்பீங்க, அப்புறம் திடீர்னு தலைவலி, கிறுகிறுப்பு. அதனால தாகம் எடுக்கட்டும்னு இருக்காதீங்க, போன்ல கால் மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வச்சு நாலு மடக்கு குடிங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டராவது வேணும். வெறும் தண்ணியா குடிச்சுட்டே இருந்தாலும் பத்தாது, கொஞ்சம் உப்பும் உள்ள போகணும், நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட் பையில கிடக்கட்டும் (பிரஷர் உள்ளவங்க டாக்டர்ட்ட கேட்டுக்கிடுங்க). என்னக் கேட்டா நடைக்கு முந்திரிக்கொத்துதான் பெஸ்ட், சாக்லேட் மாதிரி உருகாது, சிறுபயறும் கருப்பட்டியும் சேந்து நல்ல தெம்பு குடுக்கும். ஆர்ச்சஸ் பார்க்குள்ள சாப்பாட்டுக் கடையே கிடையாது, தண்ணிய வாசல்ல விசிட்டர் சென்டர்லயே பிடிச்சிருங்க.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல 38 டிகிரிய தாண்டும், வேண்டாம். ஏப்ரல், மே இல்லன்னா செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்லது. பார்க்குக்குள்ள விடுற முறைய அப்பப்போ மாத்துறாங்க, கிளம்புறதுக்கு முன்ன பிள்ளைங்கள வெப்சைட்ட பாக்கச் சொல்லுங்க.

எல்லாரும் பாக்கப் போறது டெலிகேட் ஆர்ச், யூட்டா வண்டி நம்பர் பிளேட்லயே இருக்கிற அந்த கல் வளைவு. போயிட்டு வர சுமார் 5 கிலோமீட்டர், 150 மீட்டர் ஏத்தம், வழியில நிழலே கிடையாது, பாதி தூரம் மொட்டப்பாறைதான். கிளம்புறதுக்கு முந்தின மாசம் காலையில மருத்துவாழ்மலை ஏறிப் பழகுங்க, அதுல மூச்சு வாங்காம ஏறி இறங்குறவங்களுக்கு இது பெரிய காரியமே இல்ல. காஞ்ச பாறையில ஷூ நல்லா பிடிக்கும், மேல மணல் கிடந்தாதான் வழுக்கும், இறங்கும்போது பைய நடங்க. முட்டுவலி உள்ளவங்க அதே பார்க்குல ஜன்னல் மாதிரி ஓட்டை விழுந்த பாறைங்க இருக்கிற விண்டோஸ் பக்கமும், டபுள் ஆர்ச்ங்கிற இரட்டை வளைவுக்கும் போனா போதும், கார் நிறுத்துற இடத்துல இருந்து கொஞ்ச தூரம்தான்.

பாதைய விட்டு மட்டும் இறங்காதீங்க. ஓரத்துல மண்ணு கறுப்பா, மேடும் பள்ளமுமா, கருகின அப்பத்தோட ஓரம் மாதிரி இருக்கும். அது வெறும் மண்ணு இல்ல, நுண்ணுயிரும் பாசியும் சேந்து மணல இறுக்கிப் பிடிச்சிருக்கிற உயிருள்ள ஒரு படலம். காத்துல மணல் பறக்காம, செடி வேர் பிடிக்கிறது அதாலதான். ஒரு போட்டோவுக்காக நாம வைக்கிற ஒரு மிதி போதும், அது பழையபடி வளர எத்தனையோ வருஷம் ஆகும்.

கொலராடோ ஆத்துல ராஃப்டிங் (ரப்பர் படகு சவாரி) போகணும்னா ஃபிஷர் டவர்ஸ் பக்கம் போங்க, அலை கம்மி, புதுசா போறவங்களுக்கு ஏத்தது. கேட்டராக்ட் கேனியன் வேண்டாம், அங்க தண்ணி அடிச்சுத் தூக்கும். குளச்சல் கடல்ல நீந்தி வளந்த ஆளா இருந்தாலும் லைஃப் ஜாக்கெட்ட கழட்டாதீங்க.

ஜூலைல இருந்து செப்டம்பர் வரை இன்னொண்ணும் பாத்துக்கிடணும். எங்கயோ மழை பெய்யும், நீங்க நிக்கிற காஞ்ச ஓடையில வெள்ளம் வரும். மலையில மழை பெஞ்சா திற்பரப்பு அருவியில குளிக்க விடமாட்டாங்கல்லா, அங்க தடுக்க ஆளு நிக்காது. மேகம் கறுத்தா பள்ளத்த விட்டு மேல ஏறிருங்க.

நடக்கவே முடியாத பெரியவங்கள டெட் ஹார்ஸ் பாயின்ட்டுக்கு கூட்டிட்டுப் போங்க, 600 மீட்டர் கீழ கொலராடோ ஆறு வளைஞ்சு திரும்புறது கார் நிறுத்துற இடத்து பக்கத்துல இருந்தே தெரியும். சூரியன் மறையுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னயே போயிருங்க. அக்டோபர்ல வெளிச்சம் போன உடனே குளிரும், ஸ்வெட்டர் கார்லயே இருக்கட்டும். எல்லா இடத்துலயும் தடுப்பு கிடையாது, பேரப்பிள்ளை கைய விட்டுராதீங்க. பல இடத்துல சிக்னலும் வராது, மேப்ப ஹோட்டல்லயே டவுன்லோட் பண்ணிருங்க.