குழியானையில இருந்து ஆரம்பிங்க

புள்ளைங்களுக்கு சயின்ஸ்ல ஆர்வம் வரணும்னு கிட் எல்லாம் வாங்க வேணாம்ங்க, முதல்ல மழை படாத பொடிமண்ணு எங்க இருக்குன்னு தேடுங்க. எங்க மதுரை ஒத்தக்கடை பக்கம் திண்ணையோரம், கோயில் மண்டபத்தோரம்னு நிறையக் கெடக்கும். அதுல புனல் மாதிரி சின்னச் சின்னக் குழி தெரியும், அதுதான் குழியானைங்கிற சின்னப் பூச்சியோட வீடு. பக்கத்துல குத்தவச்சு உக்காந்து பேசாம பாக்கச் சொல்லுங்க. எறும்பு விளிம்புல கால் வச்சதும் மண்ணு சரியும், அது ஏறப் பாக்கும்போது உள்ள இருந்து குழியானை மண்ணை வாரி வாரி அடிக்கும் பாருங்க, என் மக அதைப் பாத்துட்டு அரைமணி நேரம் எந்திரிக்கவே இல்ல.

இங்கதான் நாம தப்பு பண்றோம், உடனே விளக்கம் சொல்லிடுறோம். சொல்லாதீங்க. "ஈரமண்ணுல ஏன் குழி இல்ல?"ன்னு மட்டும் கேட்டு விட்டுடுங்க, அவங்களே ரெண்டு கை மண்ணை நனைச்சுக் குவிச்சுப் பாப்பாங்க, காஞ்சது சரியும் நனைஞ்சது நிக்கும்னு கைக்கே தெரிஞ்சிரும். ஒரு குழியானையை எடுத்து விட்டா பின்னாடியேதான் நகரும், அதையும் பாக்கட்டும் (திரும்ப அதே மண்ணுல விட்ருங்க). இதுதான் வளந்து தட்டான் மாதிரி றெக்கையோட பறக்கும்னு ரெண்டு நாள் கழிச்சு சொன்னா போதும்.

பாத்ததை தேதி, நேரத்தோட பழைய நோட்டுல வரையச் சொல்லுங்க, கோணலா இருந்தாலும் திருத்தாதீங்க.

அடுத்து நிழல். சித்திரை பொறந்து ரெண்டு மூணு நாள்ல, அதாவது ஏப்ரல் நடுவுல, மதியம் 12.15 வாக்குல மொட்டமாடியில ஒரு பாட்டில நேரா நிக்க வைங்க, மதுரையில அன்னிக்கு சூரியன் நேர் உச்சியில வரும், நிழல் காணாமப் போயிரும். தவறவிட்டா ஆகஸ்ட் கடைசியில இன்னொரு தடவ வரும்.