‘அழிந்தது’ என்று எழுதுவதற்கு முன்

கண்காட்சிப் பலகைகளுக்கு வரலாற்று வாசகம் எழுதுவது இருபது ஆண்டுகளாக என் பிழைப்பு. இந்த ஆண்டு, பண்டைய நாகரிகங்கள் பற்றி எழுத வந்த இளையவர்களின் வரைவுகளைத் திருத்த உட்கார்ந்தேன். மூன்றாவது தாளிலேயே என் பழைய வாக்கியம் அச்சு அசலாக எதிரே வந்து நின்றது. ஆண்டு மாறுவது, பெயர் பிசகுவது போன்றவற்றை மெய்ப்புப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். அவை இங்கே வேண்டாம். பலகை எழுதுபவர்கள் கேள்வி கேட்காமல் திரும்பத் திரும்ப எழுதும் சில வாக்கியங்களைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன்.

‘உலகிலேயே முதல்’

“உலகின் முதல் சட்டம் ஹமுராபியுடையது” என்று எழுதுவார்கள். பாபிலோனிய அரசன் ஹமுராபியின் சட்டத்தை விடச் சுமார் 300 ஆண்டுகள் மூத்தது சுமேரிய அரசன் ஊர்-நம்முவின் சட்டம். ‘கிடைத்தவற்றுள் பழமையானது’ என்று எழுதிப் பழகுங்கள்.

இந்திரன் மேல் வழக்கு

“ஆரியர் படையெடுப்பில் மொகஞ்சதாரோ மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். சிந்துவெளி நாகரிகம் அழிந்தது.”

இதை நானும் எழுதினேன். ஃப்ளெக்ஸ் பலகையில், எலும்புக்கூட்டின் படத்தோடு, சிவப்பு எழுத்தில். திறப்பு விழா அன்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். “இதெல்லாம் ஒரே மண்ணடுக்கிலா கிடைத்தது, தம்பி?” என்று கேட்டார். ஒவ்வொரு காலத்துக்கும் ஓர் அடுக்காக மண் படிந்திருக்கும், எந்த அடுக்கில் கிடைத்தது என்பதை வைத்தே காலத்தைச் சொல்வார்கள். எனக்கு மண்ணடுக்கு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் உறைத்தது.

அன்றிரவு தேடிப் படித்தேன். மொகஞ்சதாரோவில் 1922 முதல் 1931 வரை நடந்த அகழாய்வுகளில் கிடைத்தவை ஏறத்தாழ 37 பேரின் எலும்புகள், அவற்றிலும் சில வெறும் துண்டுகள். பல்லாயிரம் பேர் வாழ்ந்த நகரத்துக்கு இவ்வளவுதான். 1946-இல் இன்னொரு சிந்துவெளி நகரமான ஹரப்பாவைத் தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், ரிக் வேதம் இந்திரனைக் கோட்டைகளைத் தகர்ப்பவன் என்று பாடுவதையும் இந்த எலும்புகளையும் முடிச்சுப் போட்டு, பழியை இந்திரன் மேல் சுமத்தினார். 1964-இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் அந்த முடிச்சை அவிழ்த்தார். எலும்புகள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. நகரம் பரவலாக எரிந்த தடயம் இல்லை. அரண் இருந்த மேட்டிலோ கடைசிச் சண்டை நடந்ததற்கு அடையாளமே இல்லை.

மறுநாள் காலை அந்தப் பலகையை ஒரு பழைய வேட்டியால் மூடினேன். அதோடு போகவில்லை. அடுத்த ஆறு பலகைகளும் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனையும் வீண், செலவு என் கையிலிருந்து.

பணம் போனதை மறந்துவிட்டேன். எரிச்சல் வேறு இடத்தில். நகரத்தைக் கொலைப் பிணமாக்கிவிட்டால், அது பிற்காலத்துக்கு எதைக் கொடுத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கி.மு. 1900-ஐ ஒட்டி அந்த நகரங்கள் மெல்ல மெல்லக் காலியாயின. பருவமழை நலிந்ததை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். கிழக்கே கங்கைச் சமவெளியின் பக்கமாகவும் குஜராத்திலும் சிற்றூர்கள் பெருகின. முத்திரைகளும் எழுத்தும் வழக்கொழிந்தன. ஏர் வழக்கொழியவில்லை.

ராஜஸ்தானின் காலிபங்கனில், நகரம் எழுவதற்கும் முந்தைய உழுத வயல் ஒன்று 1960-களில் வெளிப்பட்டது. ஏர் கீறிய சால்கள் ஒரு திசையில் சுமார் 30 சென்டிமீட்டர் இடைவெளியிலும், குறுக்கே 190 சென்டிமீட்டர் இடைவெளியிலும் ஓடுகின்றன. தோண்டியவர்கள் நிமிர்ந்து பார்த்தால், பக்கத்து ஊர் உழவர்கள் அதே குறுக்குநெடுக்குச் சாலில் கடுகும் பயறும் விதைத்துக்கொண்டிருந்தார்கள். பலகைக்கு இதை விட நல்ல படம் எது?

ஒரே தாவல்

“சுமேரியர் நமக்கு 60 நிமிடங்களைத் தந்தனர்” என்பார்கள். யார் கை வழியாக? அறுபதை வைத்து எண்ணிய அவர்களின் முறையைப் பாபிலோனிய வானியலாளர்கள் கோள்களைக் கணிக்கப் பயன்படுத்தினார்கள். அங்கிருந்து கிரேக்கம், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வானியலாளர் டாலமி, பிறகு அரபு, பிறகு லத்தீன். ஒரு பாகையின் (டிகிரி) அறுபதில் ஒன்றை லத்தீனில் ‘முதல் சிறு பகுதி’ என்றும், அதிலும் அறுபதில் ஒன்றை ‘இரண்டாம் சிறு பகுதி’ என்றும் சொன்னார்கள். மினிட், செகண்ட் என்ற சொற்கள் அங்கே பிறந்தவை. இடையில் நின்றவர்களை விழுங்கிவிட்டு எழுதினால் அது வரலாறு ஆகாது, துணுக்கு.

பிரமிடு ஒற்றுமை

“இரண்டு இடத்திலும் பிரமிடு, ஆகவே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள்” என்றும் எழுதுவார்கள். எகிப்தின் படிப் பிரமிடுக்கும் மெக்சிகோவின் சூரியப் பிரமிடுக்கும் நடுவே 2,500 ஆண்டுகளுக்கு மேல். கூடவே ஒரு சமுத்திரம்.

மூன்றாவது தாளை எழுதிய மாணவியிடம் மண்ணடுக்கைப் பற்றிக் கேட்டேன். இப்போது அவளுடைய பலகையில் காலிபங்கன் வயலின் கோட்டுப்படம் இருக்கிறது. எலும்புக்கூட்டை ஓரத்திலாவது வைக்கலாமா என்று நேற்றும் கேட்டாள்.