கப்பலில் ஸ்டோர் பொறுப்பு: முதல் டிராஃப்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒடிசாவின் ஐஎன்எஸ் சில்காவில் கடற்படை அடிப்படைப் பயிற்சியை முடித்து, மும்பை மலாடில் உள்ள ஐஎன்எஸ் ஹம்லாவில் லாஜிஸ்டிக்ஸ் (சரக்கு வழங்கல்) தொழிற்பயிற்சிக்குச் செல்லும் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது என்னைப் பார்க்க வருவதுண்டு. அவர்களில் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, சென்னைப் பக்கமே போஸ்டிங் கிடைக்குமா?" என்பதுதான். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. இருந்தாலும், ஸ்டோர் பொறுப்பில் கடலுக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "அந்தக் கப்பலில் என் கைக்கு எந்தக் கணக்கு வரும்?" என்ற கேள்வியே என்று கடற்படைக் கப்பல்களில் ஸ்டோர் பார்த்த இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு உறுதியாகச் சொல்வேன்.

யாரை எங்கே அனுப்புவது என்பதை, அதாவது எங்கள் பேச்சில் ‘டிராஃப்ட்’டை, மும்பையில் உள்ள மாலுமிகள் பணியகம் முடிவு செய்கிறது. உங்கள் விருப்பத்தைவிடச் சேவையின் தேவையே அங்கு முன்னால் நிற்கும். ஆனாலும், விருப்பத்தைத் தெரிவிக்கும் வாய்ப்பு வரும்போது, எதை எழுதுவது என்று தெரியாமல் பக்கத்தில் இருப்பவர் எழுதியதைப் பார்த்து எழுதிவிடுவது பெரிய இழப்பு. 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் அக்னிவீராகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சியையும் சேர்த்து நான்கே ஆண்டுகள்தான் என்பதாலும், அதற்குப் பிறகு நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவோர் அதிகபட்சம் 25 சதவீதம்தான் என்பதாலும், முதல் கப்பலே ஒரே கப்பலாகவும் முடிந்துவிடலாம்.

முதல் படி: வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

கப்பலில் ஸ்டோர் என்பது ஒரே அறை அன்று. இயந்திர உதிரிபாகங்கள், கயிறு, பெயின்ட் போன்ற பொதுச் சரக்கு, சீருடை, ரேஷன் என ஒவ்வொன்றுக்கும் தனி இடமும் தனிக் கணக்கும் உண்டு. உதிரிபாகங்களிலும், கப்பலோடு எப்போதும் இருக்க வேண்டியவை ஆன்போர்டு ஸ்பேர்ஸ் என்றும், கரையிலுள்ள டிப்போவில் இருப்பவை பேஸ் அண்ட் டிப்போ ஸ்பேர்ஸ் என்றும் பிரிக்கப்பட்டிருக்கும். கரையைவிட்டு இரண்டு நாள் தூரம் போன பிறகு, முதல் வகையில் இருப்பது மட்டுமே உங்களுக்கு உதவும்.

நள்ளிரவில் கடல்நீர் பம்ப் ஒன்றின் கசிவைத் தடுக்கும் சீல் கிழிந்து, இன்ஜின் அறையிலிருந்து ஒருவர் கிரீஸ் படிந்த கையில் பழைய சீலை ஏந்தியபடி வந்து உங்களை எழுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்தப் பொருளை அடையாளம் காட்டும் பேட்டர்ன் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்து, செங்குத்தான ஏணியில் கீழ்த்தளத்துக்கு இறங்கி, ஆட்டத்தில் விழாமலிருக்க ஒரு கையால் ரேக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டார்ச் அடித்து, ஒன்றுபோலவே தோன்றும் சின்னச் சின்னப் பொட்டலங்களுக்குள் சரியான அளவை எடுத்துக் கொடுத்து, ‘பின் கார்டு’ எனப்படும் இருப்பு அட்டையில் ஒன்றைக் கழித்து எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்தும் பெற்ற பிறகே திரும்பிப் போய்ப் படுக்க முடியும். கார்டில் மூன்று என்று இருந்து பெட்டியில் ஒன்றுகூட இல்லையென்றால், அந்த இரவில் பம்ப் ஓடாமல் நிற்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: கப்பலின் அளவைப் பாருங்கள்

2022 செப்டம்பரில் கொச்சியில் கடற்படையில் சேர்க்கப்பட்ட ஐஎன்எஸ் விக்ராந்த் போன்ற விமானந்தாங்கிக் கப்பலில் சுமார் 1,600 பேர் இருப்பார்கள். அங்கே போக வேண்டும் என்ற கனவு எல்லோருக்கும் உண்டு. ஆனால் அவ்வளவு பெரிய கப்பலில் ஸ்டோர் வேலை பல கைகளுக்குப் பிரிந்து போவதால், புதிதாகச் சேர்ந்தவர் மாதக் கணக்கில் ஒரே பிரிவில், ஒரே வகைச் சரக்கோடு இருந்துவிட வாய்ப்பு அதிகம். அதற்கு நேர்மாறாக, சுமார் 320 டன் எடையுள்ள கார் நிக்கோபார் வகை விரைவு ரோந்துக் கப்பலில் இடமே குறைவு. சரக்கைப் பெரும்பாலும் கரையை நம்பித்தான் நடத்த வேண்டும். தப்பு செய்தால் அருகிலேயே திருத்துவதற்கு மூத்தவர் இருக்கமாட்டார்.

முதல் முறை போகிறவருக்கு, விசாகப்பட்டினத்தைத் தாய்த் துறைமுகமாகக் கொண்ட கமோர்த்தா வகைக் கொர்வெட் (சிறிய போர்க்கப்பல்) போன்ற நடுத்தரக் கப்பலையே நான் பரிந்துரைப்பேன். எல்லா வகைக் கணக்கும் உங்கள் கைக்கு வரும். சொல்லிக்கொடுக்கவும் பக்கத்தில் ஆள் இருப்பார்.

இரண்டாவது டிராஃப்டுக்கு, ஐஎன்எஸ் சக்தி போன்ற டேங்கரையோ ஐஎன்எஸ் ஜலஷ்வா போன்ற தரையிறங்கு கப்பலையோ யோசிக்கலாம். சக்தி, நடுக்கடலில் மற்றக் கப்பல்களுக்கு எரிபொருளும் சரக்கும் கொடுக்கும் கப்பல் என்பதால், வாங்குகிறவராக இருந்த நீங்கள் கொடுக்கிறவராக மாறுவீர்கள். ஜலஷ்வா, கொரோனா காலமான 2020 ஜூனில் கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் ஒவ்வொரு தடவையும் சுமார் 700 பேரைத் தூத்துக்குடிக்கு அழைத்து வந்தது. அத்தனை பேருக்குச் சோறும் குடிநீரும் தட்டும் போர்வையும் முன்கூட்டியே எண்ணி ஏற்றாமல் அப்படி ஒரு பயணம் நடக்காது என்பதை நினைத்துப் பார்த்தால், நம் வேலையின் கனம் புரியும்.

மூன்றாம் படி: கப்பல் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரியுங்கள்

பலர் தவறவிடுவது இதைத்தான். ரீஃபிட்டுக்காக (பெரிய பழுதுபார்ப்புக்காக) டாக்யார்டு என்ற கப்பல் பட்டறைக்குள் நுழையப்போகும் கப்பலில் சேர்ந்தால், சரக்கையெல்லாம் கரையிறக்கிப் பூட்டி வைப்பதிலும், பழுதானவற்றைச் சர்வேக்கு (பரிசோதனைக்கு) அனுப்புவதிலும் காலம் போய்விடும். கடலில் போன நாள்கள் மிகக் குறைவாக இருக்கும். அதே கப்பல் ரீஃபிட் முடிந்து வெளியே வரும் நேரத்தில் சேர்ந்தால், வெறும் ரேக்குகளில் ஒவ்வொரு பொருளையும் உங்கள் கையாலேயே அடுக்குவீர்கள். எது எங்கே இருக்கிறது என்பது கண்ணை மூடினாலும் தெரியும். இரண்டில் ஒன்றைக் கேட்கும் வாய்ப்பு இருந்தால், பின்னதைக் கேளுங்கள். அந்தக் கப்பலில் பணியாற்றிய மூத்தவர்களிடம் பொதுவாக விசாரித்தாலே போதும். கப்பலின் பயணத் திட்டத்தையோ தேதிகளையோ போனிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது.

நான்காம் படி: தாய்த் துறைமுகத்தை எடைபோடுங்கள்

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2016 நவம்பரில் சேவைக்கு வந்த ஐஎன்எஸ் சென்னை நம் ஊர்ப் பெயரைத் தாங்கியிருந்தாலும், மேற்குக் கடற்படைக் கட்டளையைச் சேர்ந்தது. அதன் வீடு மும்பை.

சென்னைக்காரருக்கு விசாகப்பட்டினமே முதல் தேர்வாக இருக்கலாம். சென்ட்ரலில் கோரமண்டல் ஏறினால் ஒரே ரயிலில் போய்விடலாம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், கிழக்குக் கடற்படையின் பெரிய சரக்கு நிலையமும் அங்கேயே இருப்பதால், நீங்கள் போட்ட டிமாண்ட் (பொருள் கேட்கும் விண்ணப்பம்) எப்படிப் போகிறது, எங்கே தேங்குகிறது, எப்படி வருகிறது என்பதை நேரில் பார்த்துக் கற்கலாம். அந்தமானில் அப்படியில்லை. பெரும்பாலான பொருள் பெருநிலத்திலிருந்து வர வேண்டும். ஒரு மாதம் முன்னதாகவே யோசிக்கும் பழக்கம் அங்கே தானாக வந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்திறங்கும் வெங்காய மூட்டையில் பாதி அழுகியிருந்தால், அடுத்த மூட்டைக்கு எதிர்த் தெருக் கடைக்கு ஓட முடியாது. ஓரளவு கைதேர்ந்த பிறகு அந்தமானைக் கேட்பது நல்லது.

சென்னையின் ஐஎன்எஸ் அடையாறு, அரக்கோணத்தின் ஐஎன்எஸ் ராஜாளி, உச்சிப்புளியின் ஐஎன்எஸ் பருந்து ஆகியவை கரைத் தளங்கள். பெற்றோருக்கு உடல்நிலை சரியில்லாத காலத்துக்கோ, பிள்ளைகள் பத்தாம் வகுப்பு எழுதும் ஆண்டுக்கோ இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தோரு வயதில் கேட்டு வாங்கிவிட்டால், உண்மையாகத் தேவைப்படும்போது உங்கள் முறை கடலாக இருக்கக்கூடும்.

ஐந்தாம் படி: விருப்பத்தைத் தெளிவாக எழுதுங்கள்

காரணம் கேட்கும் இடத்தில் ஒன்றிரண்டு வரிகளே போதும். குடும்பச் சூழ்நிலை இருந்தால் சான்றோடு எழுதுங்கள், இல்லாததை எழுதாதீர்கள். பிரிவு அதிகாரியிடம் முன்பே பேசிவிடுங்கள்.

ஆறாம் படி: பொறுப்பேற்கும்போது எண்ணாமல் கையெழுத்துப் போடாதீர்கள்

எவ்வளவு நல்ல கப்பல் கிடைத்தாலும், முதல் வாரத்தில் கெடுத்துக்கொள்ளலாம். நான் அப்படிக் கெடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை கப்பல் புறப்படுகிறது, ஒப்படைப்பவருக்கு இரவு ரயில், இருவருக்குமே அவசரம். மேல் ரேக்குகளை மஸ்டர் செய்துவிட்டு (எண்ணிச் சரிபார்த்துவிட்டு), கீழே இருந்த மரப்பெட்டிகளை மேலே ஒட்டியிருந்த சீட்டை நம்பி அப்படியே ஏற்றுக் கையெழுத்திட்டேன். ஆறு வாரம் கழித்து ஒரு பெட்டியைத் திறந்தபோது, ஐந்து பிரஷர் கேஜ் (அழுத்தமானி) இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. மற்ற மூன்றும் எடுக்கப்பட்டு, கார்டில் பதியாமல் போயிருந்தன. யார் எடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை; கையெழுத்து என்னுடையது என்பதால் விசாரணையும் விளக்கக் கடிதங்களும் என் மேல்தான் வந்தன. முதல் ஓராண்டின் நல்ல பெயர் அதிலேயே போயிற்று.

ஆகவே, சீல் வைத்த பெட்டியாக இருந்தாலும் இருவரும் சேர்ந்து திறந்து எண்ணுங்கள். விலை உயர்ந்தவையும், டார்ச், கத்தி, கருவிகள் போல எளிதில் கைமாறக்கூடியவையும் முதலில். நட்டும் போல்ட்டும் கடைசியில். நேரம் போதவில்லையென்றால், எண்ணாத ரேக்குகளின் எண்களைத் தனித்தாளில் குறித்து, "இவை எண்ணப்படவில்லை" என்று எழுதி, ஒப்படைப்பவரிடமும் லாஜிஸ்டிக்ஸ் அதிகாரியிடமும் கையெழுத்து வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். முதல் துறைமுகத்தைத் தொடுவதற்குள் அந்த ரேக்குகளை, கூட ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, எண்ணி முடித்துவிடுங்கள்.